பதினேழாம் பக்கத்து வீடு

மாரிக்கண்ணுவின் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பது மேலப்படுகை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத்துக்குத்தான் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்கு அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் தாமிரபரணி கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயிற்று. போகிற போக்கில் மாரிக்கண்ணு வீட்டின் மூன்று சுவரையும் ஓட்டுக்கூரையையும் அடுப்பங்கரையையும் எடுத்துக்கொண்டு, முன்சுவரை மட்டும் விட்டுவைத்தது. அந்தச் சுவரில் வாசல் நிலை இருந்தது. நிலையில் கதவு இருந்தது. கதவில், வெள்ளத்துக்கு முந்தி அவர் மனைவி பேச்சித்தாய் பூட்டிவிட்டுப் போன பூட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பியவள், இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே போனாள். உள்ளே ஆகாயம் இருந்தது.

நின்ற சுவரும் நேராக நிற்கவில்லை. வீட்டுக்குள் பார்க்க ஒரு சாண் சாய்ந்திருந்தது. அதிலேயே ஒரு தார்ப்பாயின் நுனியைக் கட்டி, மறுநுனியை இரண்டு கம்பில் கட்டி, அதன் அடியில் இருவரும் குடியிருந்தார்கள். கொத்தனார் ஜெபகனி வந்து சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது நிற்கிற சுவர் இல்லை, விழ யோசிக்கிற சுவர் என்றார். ஒரு கயிறும் இரண்டு ஆளும் இருந்தால் கால்மணி நேரத்தில் இறக்கிவிடலாம், பிறகு நாலு தகரத்தைப் போட்டாவது பயமில்லாமல் படுக்கலாம் என்பது அவர் யோசனை.

ஆனால் மாரிக்கண்ணு கையெழுத்துப் போட்டிருந்தார். வெள்ளம் வடிந்த நாலாம் நாளே ஊர்க்காரர்களை வரிசையில் நிறுத்தி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஆய்வு முடிகிறவரை சேதமடைந்த கட்டடத்தின் நிலையில் எந்த மாற்றமும் செய்யமாட்டேன், மீறினால் கட்டடத்தை நானே இடித்ததாகக் கருதலாம், புதுவீட்டுக்கான பட்டியலில் என் பெயர் சேராது என்று அதில் இருந்தது. மற்றவர்கள் பெருவிரலை வைத்துவிட்டுப் போனார்கள். மாரிக்கண்ணு நாற்பது வயதுக்குப் பக்கத்தில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவர். வயக்காட்டு வேலையும், அது இல்லாத மாதங்களில் கங்கைகொண்டானில் லாரிக்குச் சுமை ஏற்றுவதுமாக உடம்பு தேய்ந்தபிறகு கற்ற எழுத்து என்பதால், கண்ணில் பட்ட எதையும் முழுசாக வாசிக்காமல் விடமாட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க அந்தத் தாளை எழுத்து எழுத்தாக வாசித்து, புரிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டார். புரிந்துகொண்டு போட்டதால் அதை மீற அவருக்கு மனசு வரவில்லை.

அவருக்கு அவசரமும் இருந்தது. மகள் பொன்செல்வியைக் களக்காட்டில் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து, ஒன்பதாம் மாசம் பிறந்ததும் தாய்வீட்டுக்கு வரவேண்டியவள். அது மாசிக் கடைசியில். அதற்குள் ஆய்வு முடிந்து, வீடு கட்டாவிட்டாலும் இந்தச் சுவரையாவது இறக்கிவிட வேண்டும்.

ஆய்வுக்கு வந்தவர் உதவிப் பொறியாளர் மகேஷ். நல்ல பிள்ளை. கையில் பெரிய போன். மாரிக்கண்ணு மரியாதைக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட, அவரும் பக்கவாட்டில் திறந்துகிடந்த வெளியை விட்டுவிட்டு வாசல் வழியாகவே உள்ளே வந்தார். போனில் மூன்று கட்டங்கள் இருந்தன. முழுச்சேதம் என்றால் நாலு சுவரும் விழுந்திருக்க வேண்டும். பகுதிச்சேதம் என்றால் கூரை இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாததால் மகேஷ் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது கட்டத்தைத் தொட்டார். அதில் ஒரு ஆங்கில வார்த்தை இருந்தது.

மாரிக்கண்ணு அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். மகேஷ் நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதிக்கொடுத்தார். டிலாபிடேட்டட்.

"பாழாப்போச்சுன்னு அர்த்தம் அண்ணாச்சி. கவலைப்படாதிய, நல்ல வார்த்தைதான்."

நல்ல வார்த்தை என்று சொன்னதை நம்பி மாரிக்கண்ணு இரண்டு நாள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகினார். பேச்சித்தாய்க்கும் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு அது நாக்கில் ஏறவில்லை. இடிஞ்சுபோச்சு என்றால் அவர்களுக்குப் புரியாதாமா என்று கேட்டாள். புரியும், ஆனால் செல்லாது என்றார் மாரிக்கண்ணு.

பட்டியல் ஒட்டியபோது அதில் அவர் பெயர் இல்லை. முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை இரண்டு தரம் வாசித்துவிட்டு, தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியர் சங்கரசுப்பிரமணியன் முன்னால் போய் நின்றார். சங்கரசுப்பிரமணியன் கோபப்படாத மனிதர். நெற்றியில் திருநீறு, மேசையில் தடித்த ஆங்கில அகராதி. வெள்ளத்துக்குப் பிறகு மூன்று பேர் அந்த அகராதியை இரவல் கேட்டும் தரவில்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

அந்த வார்த்தைக்குப் பாழானது என்று மட்டும் பொருள் இல்லை. சொந்தக்காரன் கவனிக்காமல் விட்டதால், காலப்போக்கில் தானாகப் பாழானது என்று பொருள். ஒரு கட்டடத்துக்கு அந்த வார்த்தை விழுந்துவிட்டால் அதற்கும் வெள்ளத்துக்கும் உறவில்லை.

"வெள்ளம் வந்தது உண்மை வே. வீடு விழுந்ததும் உண்மை. ரெண்டும் ஒரே நாள்ல நடந்திருக்கு, அதையும் மறுக்கல. ஆனா வெள்ளத்தாலதான் விழுந்துச்சுன்னு எங்கனயும் எழுதலையே."

"தண்ணி நிலை உசரத்துக்கு நின்னுச்சு அய்யா."

"நின்னுச்சுல்லா. நின்னதுன்னா நின்னது. இடிச்சதுன்னு ஆகாது."

அந்த வார்த்தையைத் தமிழில் மாற்றினால் தெளிவாகுமே என்று பக்கத்தில் நின்ற யாரோ சொன்னதற்கு, அதையும் மேலே கேட்டாயிற்று என்றார். தமிழாக்கம் பரிசீலனையில் இருப்பதால் அதுவரை ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும்படி பதில் வந்திருந்தது. மாரிக்கண்ணு செய்யவேண்டியது ஒன்றுதான். வீட்டை வருஷாவருஷம் கவனித்து வந்ததற்கு அத்தாட்சி காட்டினால் மறு ஆய்வு.

அத்தாட்சிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. வீடு கட்டி இருபத்தேழு வருஷம். ஒவ்வொரு பொங்கலுக்கும் பேச்சித்தாய் சுண்ணாம்பு அடித்துக் காவி இழுத்திருக்கிறாள். சுவரின் ஓரத்தில் பெயர்ந்து நின்ற சுண்ணாம்புப் பத்தையை ஜெபகனி உடைத்துப் பார்த்தபோது, வெங்காயத் தோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளை அடுக்கு இருந்தது. மாரிக்கண்ணு அதை எண்ணிப்பார்த்தார். இருபத்தாறு வந்தது. ஒரு வருஷம் அவருடைய தகப்பனார் தவறிப்போனதால் பொங்கல் இல்லை. கணக்கு சரியாக இருந்தது. அந்தப் பத்தையைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டார். மனுவை எழுதிக்கொடுத்தார். மறு ஆய்வு தை மாசம் எட்டாம் தேதி என்று சொன்னார்கள்.

நடுவில் பொங்கல் வந்தது.

போகிக்கு முந்தின நாள் பேச்சித்தாய் எங்கிருந்தோ சுண்ணாம்பு வாங்கிவந்து தகர டப்பாவில் கரைத்தாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்கிறதுபோல மண்ணைக் குழைத்து மூன்று பொங்கக்கட்டி பிடித்துக் காயவைத்திருந்தாள், பானை ஏற்ற. அதற்கு வெள்ளை பூசத்தான் கரைக்கிறாள் என்று மாரிக்கண்ணு நினைத்தார். அவள் வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனாள்.

"ஏளா, தொடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் போடலையே."

மாரிக்கண்ணு சட்டத்தை விளக்கப்பார்த்தார். அவள் கேட்டுக்கொண்டே அடித்தாள். சகதிக்கோடு படிந்த சுவரை முன்னால் வைத்துக்கொண்டு சூரியனுக்கு எப்படிப் பொங்கல் விட முடியும், நாலு சுவர் இல்லை என்றால் நாலுக்கும் அடிக்கவேண்டாம், ஒன்று நிற்கிறது, ஒன்றுக்கு அடிக்கிறேன், அவ்வளவுதானே என்றாள். மாரிக்கண்ணுவுக்கு அதில் தப்பு தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. கவனிக்காமல் விட்டான் என்றுதானே எழுதினார்கள். கவனிப்பதை வந்து பார்க்கட்டும். அவரே ஏணி வைத்து, சாய்ந்த சுவரில் பைய ஏறி, மேல்பகுதிக்கு அடித்தார். காவிப் பட்டையும் இழுத்தார். பொங்கல் காலையில் வெயில் பட்டபோது அந்தச் சுவர் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி நின்றது. கோலம், மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் வாசலில். பின்னால் ஒன்றும் இல்லை என்பது சுற்றி வந்து பார்த்தால்தான் தெரியும்.

தை எட்டாம் தேதி சங்கரசுப்பிரமணியனே நேரில் வந்தார். கூட மகேஷ். அலுவலக வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, இறங்காமல் ரொம்ப நேரம் பார்த்தார்.

"புத்தம்புதுசால்லா இருக்கு" என்றார்.

மாரிக்கண்ணு துணிமுடிச்சை அவிழ்த்துப் பத்தையைக் காட்டினார். இருபத்தாறு அடுக்கையும் விரலால் தொட்டுக் காட்டினார். சங்கரசுப்பிரமணியன் கண்ணாடியைப் போட்டு அதையும் எண்ணிப் பார்த்து, சுவரில் இருப்பதையும் சேர்த்து இருபத்தேழு என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவு நன்றாகக் கவனிக்கப்பட்ட கட்டடத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். ஆகையால் அந்தச் சொல் இதற்குப் பொருந்தாது என்பதில் சந்தேகமே இல்லை. மகேஷின் போனில் மூன்றாவது கட்டத்தை நீக்கச் சொன்னார்.

மாரிக்கண்ணு கும்பிட்டார். முழுச்சேதம் என்று போடுவார்கள் என்று நினைத்தார்.

போன வாரம் வெள்ளையடித்த ஒன்றை அழிந்தது என்று எழுதக் கை வரவில்லை என்று சங்கரசுப்பிரமணியன் சொன்னார். அழிவைக் குறிக்கிற சொல் எதுவும் இதன்மேல் ஒட்டாது. 'பராமரிக்கப்பட்டு நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். போகும்போது சுவருக்கு உள்பக்கம் ஜெபகனி கொண்டுவந்து முட்டுக்கொடுத்திருந்த பனங்கட்டை கண்ணில் பட்டது. அதையும் விடவில்லை. கூடுதல் கட்டுமானம் என்று தனியாக ஒரு வரி ஏறியது.

மகேஷ் கடைசியாக வண்டியில் ஏறினார். ஏறுமுன் மாரிக்கண்ணு பக்கம் திரும்பி, ஏன் அண்ணாச்சி வெள்ளை அடிச்சிய என்று மெதுவாகக் கேட்டார்.

"பொங்கல்லா சார்" என்றார் மாரிக்கண்ணு.

இப்படியே நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் அந்த ஒரு வார்த்தையால். அதனால் 'சேதச்சொல் தெளிவுரைக் குழு' என்று ஒன்றை அமைத்து, பாளையங்கோட்டையில் ஒரு பழைய மண்டபத்தில் ஒருநாள் கருத்தரங்கு நடத்தினார்கள். தலைப்பு, 'அழிவைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் பயன்பாடும்'. மனுக்கொடுத்தவர்களையும் அழைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பை, அதில் ஒரு நோட்டு, ஒரு பேனா, சட்டையில் குத்திக்கொள்ள அட்டை. மாரிக்கண்ணுவின் அட்டையில் 'கட்டட உரிமையாளர்' என்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். மண்டபச் சுவரில் வெயிலில் வெளுத்துப்போன ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. மாரிக்கண்ணு முழுசாக வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஞானசம்பந்தன். குழுவின் தலைவர் அவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"முப்பத்துநான்கு ஆண்டுகள் இந்தச் சொல்லைக் கற்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே இதன் கரு, கல். கல் கல்லாகச் சிதறுவதைத்தான் இது குறிக்கும். மண்சுவர் விழுந்ததற்கெல்லாம் இந்தச் சொல்லைச் செலவு செய்வது மொழிக்குச் செய்கிற கொடுமை. மண்சுவர் விழுந்தால் மண் மண்ணோடு சேர்கிறது. அதற்கென்று ஒரு சொல்லை யாரும் உண்டாக்கவில்லை. ஏனென்றால், சொற்களை உண்டாக்கியவர்கள் யாரும் அப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்ததில்லை."

கைதட்டினார்கள். மேற்கூரையிலிருந்து ஒரு காரைத் துண்டு பேராசிரியரின் குறிப்புத்தாளில் விழுந்தது. அவர் அதை ஊதிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து சங்கரசுப்பிரமணியன்.

"வெள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. நாங்கள் இரண்டு மாதமாக வடியாமல் நிற்கிறோம். ஏன்? ஒரு சொல்லைத் தவறாகப் போட்டு, தகுதியில்லாத ஒருவருக்கு வீடு போய்விட்டால் அந்தப் பழி என்மேல் விழும். என் பெயரில் விளக்கம் கேட்பார்கள். தகுதியுள்ள நானூறு பேருக்குக் கிடைக்காமல் போனால் யார்மேலும் விழாது. ஒருவர்மேலும் பழி விழாமல் நடப்பதற்குப் பெயர்தான் நிர்வாகம். நீங்கள் ஒத்துழைத்ததால், இதுவரை ஒருவர்கூடத் தவறுதலாகப் பயனடையவில்லை. அதற்கு நன்றி."

கேள்வி கேட்கலாம் என்றதும் மாரிக்கண்ணு எழுந்தார். கையில் நோட்டு இருந்தது. வாசலில் பார்த்ததை அதில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். இக்கட்டடம் உறுதித்தன்மை இழந்துவிட்டதால் உள்ளே யாரும் நுழையக்கூடாது.

கொஞ்ச நேரம் எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

"இந்த மண்டவத்துக்கு அந்த வார்த்தை செல்லுமா அய்யா?" என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. இதற்குச் செல்லும் என்றால் தன் வீட்டுக்கும் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார்.

பேராசிரியரும் சங்கரசுப்பிரமணியனும் தலைக்குத் தலை சேர்த்துப் பேசினார்கள். பிறகு சங்கரசுப்பிரமணியன் விளக்கினார். இந்த மண்டபம் பயன்பாட்டில் இருக்கிறது. இதோ, கருத்தரங்கு நடக்கிறது. பயன்பாட்டில் இருக்கிற ஒன்று பாழானது ஆகாது.

"அப்போ நாங்க அந்தச் சொவருக்கு அடியில குடியிருக்கதும் பயன்பாடுதானா?"

"சந்தேகமென்ன."

"வெளிய போயிட்டோம்னா?"

"கவனிக்காம விட்டதா ஆயிரும் வே."

இந்தக் கேள்வியால் ஒரு பலன் இருந்தது. குழு மாரிக்கண்ணுவைக் கவனித்துவிட்டது. அலுவலர்களின் உபயோகத்துக்காக வண்ணப்படங்களோடு ஒரு வழிகாட்டிப் புத்தகம் அச்சிடப் போகிறார்கள். எந்தெந்தக் கட்டடத்துக்கு அந்தச் சொல் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று விளக்குவதற்கு. பொருந்தாது என்பதற்கு அவர் வீட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று பேராசிரியரே சொன்னார். நாலாம் நாள் படம் பிடிக்கிறவர் வந்தார். ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று, தார்ப்பாய் தெரியாமல், பேச்சித்தாயை ஒதுங்கச் சொல்லி, வாசலும் வெள்ளையும் காவியுமாக எடுத்துக்கொண்டு போனார். கூடவே வந்த உதவியாளர் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாளைப் பசை தடவி ஒட்டினார். புத்தகம் வெளியாகும்வரை இக்கட்டடத்தின் தோற்றத்தில் மாற்றம் செய்யக்கூடாது.

மாசி பாதி தாண்டிவிட்டது. சுவர் இப்போது ஒன்றரைச் சாண் சாய்ந்திருந்தது. பனங்கட்டை தரையில் பள்ளம் பறித்துக்கொண்டு நகர்ந்திருந்ததை ஜெபகனி காட்டினார். பேச்சித்தாய் படுக்கையைத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்ட இடத்துக்குத் தார்ப்பாய் எட்டவில்லை. களக்காட்டிலிருந்து சம்பந்தகாரம்மா போன் செய்து, வெள்ளிக்கிழமை நல்ல நாள், பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறோம், வீடெல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டார்கள். பேச்சித்தாய் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். தாய்வீட்டில் இடமில்லை என்று தலைப்பிரசவத்துக்கு எவளாவது சொல்வாளா என்றாள்.

புதன்கிழமை மாரிக்கண்ணு வேலைக்குப் போகாமல் தாலுகா அலுவலகத்துக்குப் போனார். சுவரை இறக்க அனுமதி வேண்டும் என்று மட்டும் கேட்டார். வீடு கேட்கவில்லை.

"இன்னும் ஒரு மாசம் பொறும்" என்றார் சங்கரசுப்பிரமணியன். "பொஸ்தகம் அச்சுல இருக்கு."

"பிள்ளைக்கு ஒம்பது மாசம் அய்யா. அது பொறுக்காது."

சங்கரசுப்பிரமணியன் உண்மையாகவே வருத்தப்பட்டார். அகராதியின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது வேற துறை வே" என்றார்.

வியாழக்கிழமை காலையில் ஜெபகனி கயிறோடு வந்தார். மாரிக்கண்ணு முதலில் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை ஈரத்துணியால் நனைத்துக் கிழியாமல் உரித்தார். அதை இன்னொரு தரம் வாசித்தார். மடித்து, நாள்காட்டித் தாளோடு சேர்த்து சட்டைப்பைக்குள் வைத்தார். பேச்சித்தாய் மாடக்குழியிலிருந்த விளக்கை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, பழக்கத்தில் பூட்டப்போய், பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டுப்பக்கம் ஒதுங்கி நின்றாள். கயிற்றை நிலையின் மேல்கட்டையில் போட்டு, பனங்கட்டையை உருவிவிட்டு, இரண்டு பேரும் இழுத்தார்கள். ஜெபகனி சொன்ன கால்மணி நேரம் தேவைப்படவில்லை. ஒரே இழுப்புதான். அந்தத் தாளை வாசிக்க ஆன நேரம்கூட ஆகவில்லை. தூசி அடங்கியபோது ரோடு தெரிந்தது.

"இம்புட்டுதானா" என்றாள் பேச்சித்தாய்.

சாயங்காலம் வரை மண்ணை வாரி ஒதுக்கி, ஜெபகனி தந்த எட்டுத் தகரத்தால் கூரையும் மறைப்பும் செய்து, தரையை மெழுகினார்கள். இடிந்த சுவரிலிருந்து எடுத்த கதவையே அதற்கும் வைத்தார்கள். மாரிக்கண்ணு கருத்தரங்கில் கிடைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அந்தப் பேனாவால் எழுதினார். நான் என் சுவரை இடித்துவிட்டேன். மகள் வருகிறாள். இப்படிக்கு மாரிக்கண்ணு. தபாலில் போட்டார். வெள்ளிக்கிழமை பொன்செல்வி வந்து இறங்கினாள். தகரத்தைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குனிந்து உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டிருந்தால் தேவலை என்று மாரிக்கண்ணுவுக்கு இருந்தது.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. தகரத்தின் சூட்டில் அது பகலெல்லாம் அழுதது. ஈரச்சேலையைச் சுற்றிலும் தொங்கவிட்டு, பேச்சித்தாயும் பொன்செல்வியும் மாறிமாறி விசிறினார்கள்.

மாரிக்கண்ணுவின் கடிதத்துக்குப் பதில் வந்தது. தங்கள் மனையில் கட்டடம் எதுவும் இல்லாததால், அது எந்நிலையில் உள்ளது என்னும் கேள்வி எழவில்லை. பின்னாலேயே தடித்த உறை ஒன்றும் வந்தது. புத்தகம். ஒத்துழைத்த கட்டட உரிமையாளருக்கு ஒரு பிரதி இலவசம்.

வெயில் தாழ்ந்ததும் மாரிக்கண்ணு அதை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பதினேழாம் பக்கத்துக்கு வர மூன்று நாள் ஆயிற்று. பக்கம் முழுக்க அவருடைய வீடு. நீலவானம், வெள்ளைச் சுவர், காவிப் பட்டை, வாசலில் கோலம். ஒரு சாய்வும் தெரியவில்லை. சுவருக்குப் பின்னால் கூடமும் அடுப்பங்கரையும் இருக்கும் என்று பார்க்கிறவன் நினைத்துக்கொள்வான். கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார். நல்ல நிலையில் உள்ள வீடு.

பேச்சித்தாய் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "உள்ள யாரு இருக்காவளாம்?"

மாரிக்கண்ணு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதைப் போடவில்லை.